மேமலைக்கு எட்டுப் பேர்

பேசாலை,
மன்னார்.
12.10.2024

அன்பின் லில்லிக்கு,

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு வருகிற கடிதம் யாரையும் திகைக்க வைக்கும். நான் பேசாலை அன்ரோனெற், மீன்பிடி வள்ளம் வைத்திருந்த எட்வேட் சம்மாட்டியின் இளைய மகள். நீ எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த இரண்டு வருடமும் உன்னோடு ஒரே அறையில் படுத்தவள். உன் வீட்டுக்குப் போன கடிதங்களையெல்லாம் எழுதித் தந்தவள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

நான் இங்கே பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரே மகள், டிலோஜினி, பத்து வயது. அம்மா போன வருடம் காலமாகிவிட்டா. அப்பா இருக்கிறார், கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். சுவேதினி அக்கா கலியாணம் முடித்த கையோடு கனடா போனவ, அங்கேதான்.

என்னோடு ஆசிரியர் கலாசாலையில் படித்த ஒருவர் உங்கள் பக்கம் பசறையில் படிப்பிக்கிறார். மேமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் மகளிர் சங்கம் விருந்தினருக்கு இரண்டு அறை நடத்துகிறதென்றும், பொறுப்பாக இருக்கும் பெண் சின்னவயதில் மன்னாரில் இருந்தவ என்றும் சொல்லிப் படமும் அனுப்பினார். பார்த்தவுடன் நீ என்று தெரிந்துவிட்டது. அதே சிரிப்பு.

எங்கள் பாடசாலையில் எட்டுப் பெண் ஆசிரியர்கள் சேர்ந்து வருகிற மாசியில் ஒரு பயணம் போக யோசித்திருக்கிறோம். நுவரெலியாவும் கண்டியும் எல்லோரும் பார்த்தாயிற்று. ஆட்கள் அதிகம் போகாத மலை ஒன்று வேண்டும் என்றார்கள். உங்கள் காமன் கூத்தையும் பார்க்க ஆசை. மன்னார்த் தீவில் ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. எங்களுக்குத் தெரிந்த மலை, தீவுக்குள் வருகிற தள்ளாடிப் பாலம்தான்.

எந்த வழியால் வருவது, குளிர் எப்படி, எட்டுப் பேருக்குப் படுக்கை இருக்குமா, கூத்து எந்தத் திகதியில் என்று எழுது. எங்களோடு தாராபுரம் ஹுஸ்னியா டீச்சரும் வருகிறார், அவருக்குச் சாப்பாடு தனியாகப் பார்க்க வேண்டும். தொலைபேசி இலக்கம் இருந்தால் அனுப்பு.

நாங்கள் சகோதரிகள் மாதிரி இருந்த காலத்தை நினைத்தபடி,
அன்ரோனெற்

—

மேமலைத் தோட்டம், மேல்கணக்கு,
மடுல்சீமை.
3.11.2024

மதிப்புள்ள அன்ரோ அக்காவுக்கு,

பவளராணி எழுதுவது. லில்லி என்று என்னைக் கூப்பிட்டது உங்கள் வீட்டில் மட்டும்தான். தோட்டத்து ஆபீசில் "லில்லின்னு யாரும் நம்ம கணக்குல இல்லியே" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். மன்னார் என்று இருந்ததைப் பார்த்து, என்னுடையதுதான் என்று கேட்டு வாங்கினேன்.

கடிதத்தை நானே வாசித்தேன் அக்கா. இதையும் நானே எழுதுகிறேன். இருபத்தாறு வயதில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். எழுத்துப் பிழையை மகள் பார்த்துத் திருத்தினாள். போன் இருக்கிறது, ஆனால் சிக்னல் எடுக்க மொட்டைப்பாறைக்கு ஏற வேண்டும். அதனால் கடிதமே போடுங்கள். எனக்குக் கடிதம் வருவது பிடிக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியம்மா காலமானதை அறிந்து கவலைப்பட்டேன். கோயிலில் விளக்கு வைத்தேன்.

வழி சொல்கிறேன். வான் பிடித்து வந்தால் பதுளை, பசறை, மடுல்சீமை வரை தார் ரோடு. பிறகு கீழ்கணக்கு வரை கல் ரோடு. அங்கிருந்து மேல்கணக்குக்கு மூன்று கட்டை தூரம், நடக்க வேண்டும், சாமான்களைத் தோட்டத்து டிராக்டரில் ஏற்றலாம். சாயங்காலம் நாலு மணிக்கே பனி மூடிவிடும், அதற்கு முன் வந்துவிடுங்கள். ஒரு அறையில் நாலு பேர் படுக்கலாம். டீச்சருக்கு மரக்கறிச் சாப்பாடு புதுச் சட்டியில் சமைக்கிறோம். விரத நாள் என்பதால் எங்கள் எல்லாருக்கும் அதுதான்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் நடுவோம். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். ரதி அழுகிற பாட்டுக்கு இந்த மலையில் அழாத ஆள் இல்லை. ரதி வேஷத்தையும் ஆம்பளைதான் கட்டுவார், உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எரிக்கிற நேரம் படம் எடுக்கக் கூடாது. மூன்றாம் நாள் மன்மதன் எழும்புவார், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவார் என்பது எங்கள் கதை.

இந்த வருடம் ரதி கட்டப்போவது எங்க அக்கா இந்திராணியின் மகன் கபிலன். அவனுக்குச் சித்தி முறையில் நான் சேலை எடுத்து வைக்க வேண்டும். ஆனால் அக்கா என்னோடு பேசி இருபத்தொரு வருடம். நாலு லயத்து வீட்டு வரிசை தள்ளித்தான் இருக்கிறாள். அம்மா சாகக் கிடந்தபோது ஆள் அனுப்பாத குறையாகக் கடிதம் போட்டோமே, நீ வர முடியாது என்று பதில் எழுதினாயே என்பாள். நான் எழுதவே இல்லை என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின தீபாவளிக்கு வர முடியவில்லை என்று நீங்கள் எழுதித் தந்த கடிதத்தை அக்கா குழப்பிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லாமல் நீங்கள் எதையும் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். அம்மாவின் கடிதம் தபாலில் பிந்தி, அம்மா செத்த பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வந்தது என்று பெரியம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னார்கள் அல்லவா? நீங்கள் இங்கே வரும்போது அதை எங்க அக்காவிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் டீச்சர். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

எட்டுப் பேரையும் எதிர்பார்த்து,
பவளராணி

—

பேசாலை.
1.12.2024

அன்பின் லில்லிக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், வழி எழுதிய பகுதியை. நீ இவ்வளவு தெளிவாக எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மாணவர்கள் சிலருக்கு வராது.

மூன்று கட்டை நடை என்றதும் இரண்டு பேர் பின்வாங்கினார்கள், பிறகு சப்பாத்து வாங்கிக்கொண்டு திரும்பவும் சேர்ந்துவிட்டார்கள். வான் பேசியாகிவிட்டது. பௌர்ணமி மார்ச் பதின்மூன்று, வியாழக்கிழமை. பன்னிரண்டாம் திகதி விடியப் புறப்பட்டால் பனி மூட முன்னர் வந்துவிடலாம் என்று சாரதி சொல்கிறார். இங்கே மாரி மழை பிடித்து வீதியெல்லாம் வெள்ளம். கழுதைகள் எங்கள் பாடசாலை விறாந்தையில் ஏறி நிற்கின்றன, பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமில்லை.

உனக்கு என்ன கொண்டு வரலாம்? நல்ல பாரைக் கருவாடு இருக்கிறது. ஒடியல் மா, பனங்கட்டி கொண்டு வருகிறேன். உன் மகளுக்கு என்ன உயரம்? டிலோஜினியின் உடுப்புகள், அதிகம் போடாதவை, நிறைய இருக்கின்றன. கம்பளிப் போர்வை நாங்கள் கொண்டுவர வேண்டுமா? அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசினால் போதும் என்கிறார்களே, சரியா?

நீ கேட்ட அந்த விஷயம் நேரில் கதைப்போம். எனக்கு அந்த நாட்கள் அவ்வளவாக ஞாபகமில்லை. கலியாண வீடு, ஒரே சனம். உன் அக்காவிடம் முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்காதே.

அன்புடன்,
அன்ரோனெற்

—

மேமலை.
20.1.2025

அன்புள்ள அன்ரோ அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. கருவாடு வேண்டாம் அக்கா, விரத நேரம் வீட்டில் வைக்க முடியாது. உடுப்பும் வேண்டாம், மகள் என்னைவிட உயரம். போர்வை இருக்கிறது. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் நாங்கள் தருவோம்.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மழை வெள்ளத்தில் உங்கள் கடிதம் பிந்தி, பொங்கல் கழிந்துதான் வந்தது. அதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். பொங்கலன்று மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பொங்கலை எடுத்துக்கொண்டு எங்க அக்கா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் போய் நின்றேன். வழக்கமாக என்னைக் கண்டால் கதவைச் சாத்துவாள். நான் வெளியில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, மன்னார்ல இருந்து அந்த வீட்டு மக வர்றாங்க. டீச்சரா இருக்காங்க. அவங்க வாயால கேளு. அதுக்கப்புறமும் நான் பொய்க்காரின்னா என் மூஞ்சில முழிக்காத."

பிறகு கதவைத் திறந்தாள்.

"காயிதம் என்கிட்ட இருக்கு. பெட்டியிலதான் இருக்கு. அவங்க வரட்டும். வச்சுக்கிட்டே கேக்குறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அவள் கையால் தேத்தண்ணி குடித்தேன். சூடு பார்க்காமல் குடித்து நாக்கு வெந்துவிட்டது.

என்ன சேலை எடுப்பது என்று கபிலனே வந்து கேட்டுப் போனான். பச்சை எடுக்கப் போகிறேன். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எங்கள் சங்கத்துப் பெண்கள் உங்களை "பவளத்தோட டீச்சர்" என்கிறார்கள்.

சீக்கிரம் வாருங்கள்.
பவளராணி

—

பேசாலை.
9.2.2025

அன்புள்ள பவளராணிக்கு,

உங்கள் பெயரை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. வந்த முதல் நாள் வாசலில் நின்று நீங்கள் பெயர் சொன்னபோது, "அது நீட்டு, லில்லி எண்டு கூப்பிடுவம்" என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். அழகான பெயர் வைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். உங்களை "நீ" என்று எழுதிய இரண்டு கடிதங்களுக்காகவும் வெட்கப்படுகிறேன். வெட்கப்பட வேண்டியவற்றில் அது மிகச் சிறியது.

உங்கள் கடிதத்தைப் பாடசாலை இடைவேளையில் வாசித்தேன். தேத்தண்ணிக் கோப்பை வரை வந்தபோது என்னால் முடியவில்லை. ஹுஸ்னியா டீச்சர் பார்த்துவிட்டார். வெளியே கூட்டிப்போய், என்ன என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர், "இப்ப அங்க போய் என்ன சொல்லப் போறீங்க டீச்சர்?" என்றார்.

"பிந்தி வந்தது எண்டு சொன்னால் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்திடுவினம். ஆருக்கும் நட்டமில்லைத்தானே" என்றேன்.

"அந்தப் புள்ள உங்களச் சாட்சிக்குக் கூப்பிடுது. நீங்க சாட்சி இல்ல டீச்சர். செஞ்ச ஆள்."

அதற்குப் பிறகு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

உங்கள் அம்மாவின் கடிதம் பிந்தி வரவில்லை. சுவேதினி அக்காவின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. பகல் பதினொரு மணி. நீங்கள் கிணற்றடியில் பந்திப் பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். உங்களுக்கு வருகிற கடிதத்தை உடைத்து வாசித்துச் சொல்வது எப்போதும் நான் என்பதால் அன்றும் உடைத்தேன். அம்மாவுக்குச் சுகமில்லை, கடுமை, பவளத்தை உடனே அனுப்பி வையுங்கள் என்று இருந்தது. கிணற்றடிக்குப் போகத்தான் திரும்பினேன். அதை நம்புங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் குசினியைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே என் அம்மா நின்றா.

"இப்ப இவளை அனுப்பினால் இந்த வீட்டை ஆர் பாக்கிறது? நீ பாப்பியோ?" என்று கேட்டா. எனக்கு அந்த வருடம் சோதனை, படிக்க வேண்டும். பாத்திரம் கழுவவும் உடுப்புத் தோய்க்கவும் எனக்கு விருப்பமில்லை. "கலியாணம் முடிய அனுப்புவம். வர ஏலாது, வேலை கிடக்கு எண்டு அவள் எழுதினமாதிரி எழுது" என்றா. உங்கள் அம்மாவின் கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டா.

நான் எழுதினேன். அம்மா சொன்னது அந்த ஒரு வரிதான். மிச்சத்தை நானே சேர்த்தேன். "எனக்கு இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. அங்கே வந்து நான் என்ன செய்வது? சும்மா சும்மா கூப்பிட வேண்டாம்." அதை எழுதச் சொல்லி யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஒற்றை வரியாக இருந்தால் சந்தேகப்படுவார்கள், நீங்கள் கதைப்பது போல இருக்க வேண்டும் என்று யோசித்து எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உங்கள் அக்காவின் பெட்டியில் இருப்பது அந்தக் கடிதம். அவ குழப்பிக்கொள்ளவில்லை. இருபத்தொரு வருடமாக அவ சொல்வது உண்மை. நீங்கள் சொல்வதும் உண்மை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்பீர்கள். "அக்கா, ஊர்ல இருந்து காயிதம் வந்திச்சா?" ஒவ்வொரு நாளும் "இல்லை" என்றேன். எட்டு நாள். ஒரு நாள் உங்களுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

உங்கள் அம்மா தவறிவிட்டா என்ற இரண்டாவது கடிதம் கலியாணத்துக்கு முதல் நாள் வந்தது. அதையும் நானே வாசித்தேன். அடுத்த நாள் நீங்கள் பந்தியில் சோறு பரிமாறினீர்கள், நான் மணப்பெண் தோழியாக நின்றேன். மூன்றாம் நாள்தான் அம்மா உங்களைக் கூப்பிட்டு, இரண்டு கடிதமும் பிந்தி ஒன்றாக வந்தது என்று சொன்னா. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நீங்கள் அழுதுகொண்டே என் மடியில் படுத்தீர்கள். ஆறுதலுக்கு என்னிடம்தான் வந்தீர்கள்.

அம்மா இப்போது இல்லை. எல்லாவற்றையும் அவ மேல் போட்டுவிடலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வருடாவருடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் "பொய் சொன்னேன், சுவாமி" என்பேன். என்ன பொய், யாரிடம் என்று எந்தச் சுவாமியும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இன்னும் ஒன்று. உங்கள் படம் எனக்குப் போன வருடம் வந்ததல்ல. ஆறு வருடத்துக்கு முன் வந்தது. நான் காத்திருந்தது அம்மா சாகும் வரைக்கும். பிறகு இந்தப் பயணத்தைக் கிளப்பியதும் நான்தான். எட்டுப் பேரோடு வந்து, சிரித்து, சாமான் கொடுத்து, உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தால், எதையும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சகோதரிகள் மாதிரி என்று எழுதினேன். ஒரே அறையில் படுத்தோம்தான். நான் கட்டிலில் படுத்தேன், நீங்கள் சீமெந்து நிலத்தில் சாக்கு விரித்துப் படுத்தீர்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் அக்காவிடம் காட்டுங்கள். நான் வரலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதிவிட்டு வெட்டிவிட்டேன். மேலே மை அப்பியிருக்கும் இடம் அதுதான்.

அன்ரோனெற்

—

மேமலை.
24.2.2025

அன்ரோனெற் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள். முதலில் ஒரு பதில் எழுதினேன். அதில் "எனக்குக் கோபம் இல்லை" என்று எழுதியிருந்தேன். மகள் வாசித்துவிட்டு, "பொய் எழுதாதீங்கம்மா" என்றாள். கிழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது கை நின்றுவிடுகிறது. "இல்லை" என்று நீங்கள் சொன்ன எட்டு நாளில் ஒவ்வொரு நாளும் நான் என்ன வேலை செய்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா உயிரோடு இருந்த நாட்களும் அவற்றில்தான். நான் உங்கள் வீட்டுப் பாயைக் கழுவியிருக்கிறேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானே சத்தமாக வாசித்தேன். உங்கள் அம்மா கடிதத்தை அடுப்பில் போட்ட இடத்தில் கபிலன் வாங்கி மிச்சத்தை வாசித்தான். அக்கா எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். எழுத்துத் தெரியாதவளுக்குக்கூடத் தெரியும், இரண்டும் ஒரே கை.

உங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"பதிமூணு வயசுப் புள்ள. ஒரு எழுத்துக்கூடத் தெரியாத புள்ள. இவ எப்புடிடி காயிதம் எழுதியிருப்பான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் நெனைக்கலியே. பஸ்ஸை விட்டு எறங்கி வந்த புள்ளைய வாசல்லயே வச்சுக் கதவைச் சாத்துனேனே."

என் காலைப் பிடிக்க வந்தாள். நான் விடவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். நீங்கள் செய்ததற்கு எங்க அக்கா வெட்கப்பட்டாள் டீச்சர். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயணத்தைப் பற்றி. ஏழு பேரும் வரட்டும். அறை தயார், டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன், ஹுஸ்னியா டீச்சருக்குப் புதுச் சட்டி வாங்கியாயிற்று. அவரைப் பார்க்க எனக்கு விருப்பம். நீங்கள் வர வேண்டாம். கபிலன் ரதி கட்டி அழுகிற அன்று நானும் அக்காவும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். அப்போது திரும்பிப் பார்த்தால் உங்கள் முகம் தெரியக் கூடாது. அடுத்த வருடம் எப்படி என்று இப்போது எனக்குத் தெரியாது.

சாமான் எதுவும் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறோம், நானும் அக்காவும் சேர்ந்து. அம்மா அந்தக் கடிதத்தைச் சொல்லச் சொல்லத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். அக்கா அந்த நேரம் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தாள், அம்மா என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாத்தியாரும் இப்போது இல்லை. அதை வாசித்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அதில் என்ன இருந்தது? ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். ஞாபகமில்லை என்று மட்டும் எழுத வேண்டாம்.

பவளராணி

—

பேசாலை.
10.3.2025

பவளராணிக்கும் இந்திராணி அக்காவுக்கும்,

தபாலில் போட எனக்குத் துணிவில்லை. ஹுஸ்னியா டீச்சரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கையில் மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அம்மாவின் கடிதத்தை அன்றைக்கு மூன்று தடவை வாசித்தேன். பிறகு என் மனதுக்குள் எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. கோடு போட்ட கொப்பித்தாள், ஒரு பக்கம் முழுக்கவும் மறுபக்கம் பாதியும். நீல மை. வாத்தியார் உங்கள் அம்மா கதைத்தபடியே எழுதியிருந்தார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வரிகளை மட்டும் எழுதுகிறேன். தெரியாத இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். என்னுடைய சொல் ஒன்றும் இதில் இல்லை.

"பவளத்துக்கு அம்மா சொல்லி வாத்தியாரையா எழுதுறது. எனக்கு ஒடம்பு முடியல. மூச்சு வாங்குது. டிஸ்பென்சரியில பதுளைக்குப் போவச் சொல்றாங்க, நான் போவல. நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்.

அந்த வீட்டு அம்மாகிட்ட நல்ல மாதிரியா கேட்டுட்டு வா. கோவிச்சுக்கிட்டு வராத. வரும்போது ஒண்ணும் வாங்கியாராத. பதுளையில அக்கா வந்து நிப்பா. நீ வளந்திருப்ப, அவளுக்கு அடையாளம் தெரியாம போயிரும், நீயே ஓடிப்போய் கையப் புடி."

இந்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று வரிகள். ஒரு பசுவைப் பற்றியோ கன்றைப் பற்றியோ. எனக்கு வரவில்லை.

"ராத்திரியில உன் நெனப்புத்தான். அங்க வயிறாரச் சாப்பிடுவன்னுதான் அனுப்புனேன். வேண்டாம்னு அனுப்பல. அதை நான் உனக்குச் சொல்லல. இப்ப சொல்றேன்.

அக்காவும் நீயும் சண்டை போடாம இருங்க. அவ கோவக்காரி, ஆனா ஒன்னத் தூக்கி வளத்தவ."

அதன் கீழே "உடனே அனுப்பி வைக்கவும்" என்று வாத்தியார் தன் சொந்த வரியாக எங்கள் வீட்டுக்கு எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார். இரண்டு கோடு.

இவ்வளவுதான். இதை என்னிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்க வேண்டி வந்தது. கேட்காவிட்டால் நான் எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

இரவு டிலோஜினி பக்கத்தில் வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஒரு அம்மாவின் கடிதத்தை என்றேன். யாருடைய அம்மா, அவ ஏன் தானே எழுதவில்லை என்றாள். அவளை இருத்தி, எனக்குப் பதினைந்து வயதில் நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். அவள் எழும்பிப் போய்விட்டாள். இன்று காலை பாடசாலைக்குப் போகும்போது என் கையைப் பிடிக்கவில்லை.

பயணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று பாடசாலையில் எல்லோரும் கேட்கிறார்கள். அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "அவையள் என்னை வர வேண்டாம் எண்டவை. அதுக்குக் காரணம் இருக்கு" என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இதைக் கொண்டு வருகிறவர்கள் ஏழு பேர், இரண்டு பேருக்கு முழங்கால் வருத்தம், ஆறுதலாகத்தான் ஏறியிருப்பார்கள். ஆரும் சிரிக்க மாட்டார்கள், எரிக்கும்போது படம் எடுக்க மாட்டார்கள், சொல்லியிருக்கிறேன். வான் பன்னிரண்டாம் திகதி காலை நாலு மணிக்குக் கோயிலடியிலிருந்து புறப்படுகிறது. நான் போய்ப் பைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

அன்ரோனெற்